இன்னும் அடங்காத மண்

லௌசிட்ஸ் ஏரிகளுக்குப் பழமை கிடையாது. ஜெர்மனியின் கிழக்கே, போலந்து எல்லையை ஒட்டிய இந்தச் சமவெளியில் நான் சுற்றிவந்த ஏரிகளில் பெரும்பாலானவை என் தலைமுறையின் கண்ணெதிரே நிரம்பியவை. அதற்கு முன்னால் அங்கே இருந்தது குழி. குழிக்கு முன்னால் ஊர், வயல், பைன் காடு.

நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அதே பழுப்பு நிலக்கரிதான். மேல்மண்ணை முழுவதும் அள்ளிப் பின்னால் கொட்டியபடி முன்னேறும் திறந்தவெளிச் சுரங்கம். குழிக்குள் தண்ணீர் வராமலிருக்க நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1989இல் கிழக்கு ஜெர்மனி ஏறத்தாழ 30 கோடி டன் வெட்டியது. உலகில் வேறெந்த நாடும் அந்த அளவுக்குப் பழுப்பு நிலக்கரி எடுக்கவில்லை. மறு ஆண்டு கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் ஒன்றாயின. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இறைப்பதை நிறுத்தியதும் ஊற்று ஏறத் தொடங்கியது. போதாததற்கு ஆற்று நீரையும் திருப்பிவிட்டார்கள்.

*

சென்ஃப்டன்பெர்க் ஏரி இவற்றில் மூத்தது. சுமார் 13 சதுர கிலோமீட்டர். 1967இல் நீர் விடத் தொடங்கி 1972இல் நிரப்பி முடித்தார்கள். 1973 கோடையில் மணற்கரையைக் குளிக்க வருபவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கரியைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வரப்போகும் ஏரியை மனத்தில் வைத்துத் திட்டமிட்டவர் ஓட்டோ ரின்ட் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர். அந்த மனிதரை நினைத்தபடியே கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கும் தூசியும் இயந்திர ஓசையுமாக இருந்த நாளில், இந்தச் சரிவில் பிள்ளைகள் இறங்கிக் குளிப்பார்கள் என்று ஒருவர் தாளில் கோடு போட்டிருக்கிறார்.

ஏரி நடுவே தீவு. கொட்டிய மண்ணால் ஆனது; பறவைகளுக்கென்று ஒதுக்கியது; மனிதர் காலடி வைக்கக் கூடாது. ஏரி நிரம்பி 46 ஆண்டுகள் கழித்து, 2018இல், அந்தத் தீவின் ஒரு பகுதி சரிந்து நீருக்குள் போனது.

*

பார்ட்விட்ஸ், கையர்ஸ்வால்ட, செட்லிட்ஸ். இந்த மூன்று ஏரிகளின் நீல நிறத்தைப் பார்த்துப் பலரும் மயங்குவதைக் கண்டேன். நானும் மயங்கினேன். தெற்குக் கடல் ஏதோ வழி தவறி இங்கே வந்துவிட்டதைப் போன்ற தெளிவு. பிறகுதான் அந்தத் தெளிவின் காரணம் புரிந்தது.

கரிக்கு மேலிருந்த மணலில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் காற்றுப் படாமல் புதைந்து கிடந்தது. சுரங்கம் அதைப் புரட்டி வெளியே போட்டது. நீரை இறைத்ததால் காற்று உள்ளே இறங்கியது. பைரைட் கந்தக அமிலமாகவும் இரும்பாகவும் பிரிந்து மணலிலேயே தங்கிவிட்டது. ஊற்று நீர் திரும்பி ஏறும்போது அதையெல்லாம் கழுவிக்கொண்டு ஏரிக்குள் வருகிறது. தொடக்க ஆண்டுகளில் இந்த ஏரிகளின் நீர் புளிக்கரைசலின் அளவுக்குப் புளித்துக் கிடந்தது. அதில் மீன் வாழாது. நீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகள்கூட அரிது. உயிர் இல்லாததால் வந்த நீலம் அது.

சுண்ணாம்பு ஏற்றிய கப்பல் ஏரியின் குறுக்கும் நெடுக்கும் போய்க் கரைசலைத் தூவுகிறது. ஒருமுறை தூவினால் தீர்ந்துவிடுகிற வேலையும் இல்லை. சுற்றியுள்ள மண்மேடுகளிலிருந்து அமிலம் மெல்ல வந்துகொண்டே இருக்கும். திரும்பவும் தூவ வேண்டும். "இயற்கை தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொண்டது" என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே ஆற்றுகிறவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் மனிதர்கள். அரசின் பணத்தில் இயங்கும் எல்.எம்.பி.வி. என்ற சீரமைப்பு நிறுவனத்தின் வேலை இது. பல பத்தாண்டுகளுக்கு இழுக்கும். நீரின் புளிப்புத் தணியத் தணிய, நீலம் மங்கி நாணலும் மீனும் வரும். அந்த மங்கிய நிறத்தை அழகென்று பார்க்க நாம் கற்க வேண்டியிருக்கிறது.

*

பாதையோரம் மஞ்சள் பலகைகள். "உயிராபத்து. நுழையாதீர்." படமும் உண்டு: காலுக்குக் கீழே நிலம் இடிய, ஒரு மனிதன் விழுகிறான்.

கொட்டிய மணல் இயற்கையாகப் படிந்த மணலைப் போல இறுகுவதில்லை. துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று தளர்வாக நிற்கின்றன. இடையே நீர் ஏறிவிட்டால் சிறு அதிர்வு போதும். துகள்களின் பிடி விட்டுப்போய், மேடு முழுவதும் குழம்பாகி ஓடிவிடும். 2010 அக்டோபரில் ஷ்ப்ரேடால் அருகே ஒரு சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலம் அப்படியே அமிழ்ந்தது. லாரிகளும் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும் உள்ளே போயின. அதற்கு முந்தைய ஆண்டு, லௌசிட்ஸுக்கு வெளியே நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில், பழைய சுரங்க ஏரியின் கரை வீட்டோடு சரிந்து மூன்று பேர் இறந்தார்கள்.

அதனால்தான் பெரும் பரப்புகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நீண்ட குழாய்களை மணலுக்குள் இறக்கி அதிரச்செய்து, அடி அடியாக இறுக்குகிறார்கள். சில இடங்களில் வெடி வைத்து.

பூட்டிய நிலத்தில் யாரும் உழுவதில்லை, உரம் போடுவதில்லை, நாயை அழைத்துக்கொண்டு நடப்பதில்லை. மற்ற எல்லா உயிர்களும் அங்கேதான் வந்து சேர்கின்றன.

*

வானின்ஷன். 1980களில் சுரங்கம் விழுங்கிய சிற்றூர். மிஞ்சிய ஒரே வீட்டு வளாகத்தில் இன்று இயற்கை மையம் இயங்குகிறது. காட்டுயிர்ப் படங்கள் எடுத்துப் புகழ்பெற்ற ஹைன்ஸ் ஸீல்மனின் அறக்கட்டளை, 2000 முதல் சுற்றியுள்ள சுரங்க நிலத்தை வாங்கிப் பாதுகாத்துவருகிறது.

மணல் வெறும் மணல். அதில் சத்தே இல்லை. வெள்ளி நிறத்தில் குச்சி குச்சியாக ஒரு புல், இடையிடையே பாசி, நோஞ்சான் பிர்ச் மரங்கள். ஐரோப்பாவின் வயல்கள் முழுவதும் உரத்தால் கொழுத்துப் போனபின், இத்தகைய ஏழை மண் கிடைப்பதே அரிது. அந்த ஏழ்மையை நம்பி வாழும் உயிர்கள் பல. மணல் திட்டில் வளை குடைந்து கூடு கட்டும் தகைவிலான் அவற்றில் ஒன்று. இன்னொன்று கொண்டலாத்தி. நம் தோப்புகளில் சாதாரணமாகத் தரையைக் கொத்தித் திரியும் அதே கொண்டைப் பறவை ஜெர்மனியில் மிக அரிதாகிவிட்டது. இந்தச் சுரங்க மண்ணில் அது திரும்பவும் குஞ்சு பொரிக்கிறது. அதன் குரலைக் கேட்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

இலையுதிர் காலத்தில் கொக்குகள். நம் ஊர் வெள்ளைக் கொக்கு அல்ல. நெஞ்சுயரம் நிற்கும் சாம்பல் நிறப் பெருங்கொக்கு. வடக்கிலிருந்து தெற்கே போகும் வழியில் ஆயிரக்கணக்கில் இங்கே தங்குகின்றன. பகலில் அறுவடையான மக்காச்சோள வயல்களில் மேய்ச்சல். அந்தி சாயும்போது ஆழமில்லாத நீரில் வந்திறங்கி நின்றபடியே உறக்கம். நரி நீரைக் கடந்து வந்தால் சலசலப்புக் காட்டிக்கொடுத்துவிடும். மனிதன் நடந்து போனால் புதைந்துவிடக்கூடிய சேறும், அவற்றுக்கு வேலிதான்.

*

லௌசிட்ஸில் கரிக்காக அழிந்த ஊர்களும் ஊர்ப் பகுதிகளும் நூற்றுக்கும் மேல். பல ஊர்கள் சோர்பியர்களுடையவை. ஜெர்மானியருக்கு நடுவே தங்கள் ஸ்லாவிய மொழியைக் காத்துவரும் சிறு இனம். ஹோர்னோ மக்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். 2004இல் அவர்களுடைய தேவாலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஃபோர்ஸ்ட் நகரில் குடியமர்ந்த புதிய ஹோர்னோவில், மறைந்த ஊர்களுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரைவிரிப்பாக விரிந்திருக்கும் வரைபடத்தின்மேல் நடந்தபடி ஊர்களைத் தேடலாம். செருப்புக் காலோடு அதை மிதிக்க எனக்குக் கூசியது.

ஏரிகளை இணைக்கும் கால்வாய்களுக்கு ஸோர்னோ, ரோஸென்டோர்ஃப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டும் சுரங்கம் தின்ற ஊர்கள். படகில் போகிறவர்கள் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டுக் கடக்கிறார்கள். அந்தப் பெயர்களாவது வாயில் இருக்கட்டும்.

*

கடைசியாகக் கோட்புஸ். நகரத்தை ஒட்டிய சுரங்கத்தில் 2015 இறுதியில் கரி எடுப்பது நின்றது; 2019 ஏப்ரலில் ஷ்ப்ரே நதியின் நீரை விடத் தொடங்கினார்கள். முழு அளவில் சுமார் 19 சதுர கிலோமீட்டர் ஏரி. ஆனால் அந்த ஆண்டுகளின் கோடைகள் வறண்டவை. ஆற்றில் நீர் குறைந்தபோதெல்லாம் மதகை மூட வேண்டியதாயிற்று.

சுரங்கங்கள் இறைத்துவிட்ட நீரும் பல பத்தாண்டுகளாக இந்த ஆற்றோடு கலந்து ஓடுகிறது. ஜெர்மனி 2038க்குள் நிலக்கரியைக் கைவிடச் சட்டம் இயற்றியிருக்கிறது. அப்போது ஆற்றுக்கு அந்த வரத்து இருக்காது. மிச்சக் குழிகளோ நிரப்பச் சொல்லிக் காத்திருக்கும். திறந்த ஏரியிலிருந்து ஆவியாகிப் போவது வேறு. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஷ்ப்ரேவால்டின் ஈரக்காடுகளும், அதற்கும் கீழே பெர்லின் நகரத்தின் குடிநீரும் இருக்கின்றன.

ஏரிகளைப் பார்க்க ஆசைப்பட்டு இவ்வளவு தூரம் வந்த நான், வறண்ட ஆண்டில் முதல் தண்ணீர் ஆற்றுக்கே என்பேன். கரையில் படகுத்துறை கட்டிவிட்டுத் தண்ணீரை எதிர்பார்த்திருப்பவர்களுக்கு இது கசக்கும். ஆனால் வெல்ட்சோவிலும் நோக்டனிலும் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குழிகளை எதைக்கொண்டு, எத்தனை ஆண்டுகளில் நிரப்புவது என்பதைக் கடைசி டன் கரி வெளியே வருவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.