விஞ்ஞானம் பட்ட கடன்

நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு மருந்தைத் தொடர்ந்தும் மறு கூறினருக்கு நிறுத்தியும் பார்ப்பது அறமாகுமா? இவ்வாறு கேட்போரை விஞ்ஞானத்தின் எதிரிகளென ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. ஆயினும், நடந்த ஒன்றை முன்வைத்து இதனை ஆராய்தலே பொருத்தமாகும்.

மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் பலர், நோய் மீளாதிருக்கத் தமொக்சிபென் என்னும் மாத்திரையை ஐந்து ஆண்டுகள் உட்கொள்வர். அதன்பின் நிறுத்துவதா, மேலும் ஐந்து ஆண்டுகள் தொடர்வதா? தொடர்ந்தால் நோய் தடுக்கப்படலாம். கருப்பையில் வேறொரு புற்றுநோய் தோன்றவுங் கூடும். 1990களில் இதற்கு உறுதியான விடை இருக்கவில்லை. சிறு வேறுபாட்டைத் தெளிவாகக் காணப் பல்லாயிரவர் வேண்டும். ஒரு நாட்டு வைத்தியசாலைகள் அதற்குப் போதா. ஆகவே, ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் நெறிப்படுத்திய 'அற்லஸ்' என்னும் பரிசோதனையில், 1996 முதல் 2005 வரை, 36 நாடுகளிலிருந்து 12,894 பெண்கள் சேர்ந்தனர். ஸ்பெயின் நாட்டவரும், இந்தியா, எகிப்து, ஆர்ஜென்டீனா நாட்டவரும் ஒரே கேள்விக்கு விடை தேடினர். எது நல்லதென்பதில் நோயாளியும் வைத்தியரும் உண்மையாகவே ஐயங் கொண்டிருந்தால் மட்டுமே சேரலாம் என்பது நிபந்தனை.

2012ஆம் ஆண்டின் இறுதியில் முடிவு வெளியாயிற்று. ஈஸ்திரஜன் ஓமோனால் தூண்டப்படும் புற்றுநோயுடைய 6,846 பெண்களிடையே, நோய் கண்டபின் ஐந்தாம் ஆண்டு முதல் பதினான்காம் ஆண்டு வரை அந்நோயால் இறக்கும் அபாயம், நிறுத்தியோரிடத்து நூற்றுக்கு 15.0, தொடர்ந்தோரிடத்து 12.2. கருப்பைப் புற்றுநோயால் இறக்கும் அபாயமோ 0.2 இலிருந்து 0.4 ஆயிற்று. தொடர்வதே நன்றென்பது புலனாயிற்று.

அவ்வாறாயின், நிறுத்தியோருள் சிலர் தொடர்ந்திருந்தால் பிழைத்திருப்பர். அவர்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதா? இல்லை என்றே நாம் கருதுகின்றோம். பரிசோதனை நடவாவிடினும் சீட்டுக் குலுக்கல் நடந்தே தீரும். வைத்தியரின் பழக்கமே அங்கு சீட்டாகும். கணக்கு வைப்பார் மட்டும் இரார். அறியாமை நேர்மையானதாயின் அதனைப் பகிர்ந்து சுமப்பது குற்றமன்று.

ஆனால், நேர்மையானதாயின் என்ற சொல்லை வற்புறுத்த வேண்டும். செல்வ நாட்டில் பயன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சையை, வறிய நாட்டில் 'இங்கு அது வழக்கமில்லை' எனக் கூறி ஒரு கூறினருக்கு மறுத்துப் பார்த்தால், அங்கே அறியாமை இல்லை. ஏழ்மையைப் பயன்படுத்தும் சூழ்ச்சியே உண்டு.

இழைக்கப்பட்டது அநீதியன்று எனினும், பட்ட கடன் பெரிது. தமொக்சிபென் காப்புரிமை நீங்கிய மலிவான மருந்து; உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றது. எனினும், கட்டியின் தன்மையைச் சோதிக்கும் கூடமும், பத்தாண்டுகள் தவறாது மாத்திரை வழங்கும் மருந்தகமும் இல்லாத ஊரில் அவ்வறிவு தாளிலேயே தங்கிவிடும். நோயாளியைத் தேடி எல்லை கடந்த விஞ்ஞானம், அவள் தந்த விடையைக் கொண்டுசெல்லும்போது மட்டும் எல்லையில் நின்றுவிடலாகாது. அதனைக் கடக்கச் செய்வது ஆய்வாளரின் பணி மட்டுமன்று. பொதுமக்களின் அரசியற் கடமையுமாகும்.