வரிமறுப்பும் வாகீசர் வழியும்



மாத்தளைப் பள்ளிகளில் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கற்பிக்குங்கால் மாணாக்கர் வினவுவதொன்றுண்டு: "அரசுக்கு வரி கொடாமை பாவமன்றோ, ஐயா?" யான் பாதிரிமார் நிறுவிய கலாசாலையிற் பயின்றவன். ஆதலின், அரசிறையை மறுக்கலாகாதென்னும் விவிலியப் பாடமே நெடுநாள் என் விடையாயிருந்தது. பெரியபுராணத்தை ஊன்றிக் கற்ற பின்னரே அவ்விடை போதாதெனக் கண்டேன்.

தேசாதிபதி டொரிங்டன் பிரபு விதித்தவை எவை? துப்பாக்கிக்கு இரண்டரைச் சிலிங். நாய்க்கு ஒரு சிலிங். தெருவமைக்க ஆண்டில் 6 நாள் உடலுழைப்பு, அன்றேல் 3 சிலிங். காப்பி விலை வீழ்ந்து திறைசேரி வறண்டதற்குக் குடியானவன் தன் காவல்நாய்க்கு இறை செலுத்த வேண்டுமாம்! பௌத்த பிக்குகளையும் தெருவேலை விடவில்லை. இரந்துண்ணுந் துறவி சிலிங்குக்கு எங்கே போவார்?

அவ்வாண்டு ஜூலை 6ஆந் தேதி கண்டிக் கச்சேரி முன்னர்க் குடிகள் ஆயிரக்கணக்கிற் கூடி முறையிட்டனர். வரிகள் நீங்கவில்லை. அம்மாத இறுதியில் தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூடப்பெற்றார். மாத்தளையில் அரச கட்டடங்கள் தாக்குண்டன. உடனே இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு சுடப்பட்டார். கடஹபொல தேரரைத் துவராடையுடனேயே சுட்டனர். குடிகளின் நியாயம் அன்றும் நியாயமே. ஆயின் அவர் கையிலேந்திய ஆயுதம் ஆள்வோர் கொடுமைக்கு ஒரு சாட்டாயிற்று. இதனை மாணாக்கர்க்கு மறைத்தல் தகாது.

இனி, நம் திருநாவுக்கரசு சுவாமிகளை நோக்குமின். பல்லவன் ஆணையை ஏற்கேன் என்றார், ஓடி ஒளித்தாரல்லர், கையோங்கினாருமல்லர். நீற்றறை, நஞ்சு, யானை, கடலிலே கற்றூண் என வந்தவற்றையெல்லாம் தம்முடலில் ஏற்றார். முடிவில் அப்பல்லவனே சைவனாய்த் திருவதிகையிற் கோயிலெடுத்தான்.

அப்பரடிகள் பாடிக் கதவு திறப்பித்த திருமறைக்காடுதான் இன்றைய வேதாரணியம். அங்கே 1930இல் உப்புவரியை எதிர்த்து இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர் திருச்சிராப்பள்ளியினின்றும் ஏப்ரில் 13ஆந் தேதி கால்நடையாய்ப் புறப்பட்டனர். ஏழை கூழுக்கிடும் உப்புக்கும் அன்று வரியிருந்தது. தொண்டர்க்குச் சோறிடுவோர் தண்டிக்கப்படுவரெனத் தஞ்சை ஆட்சியர் தோண் பறையறைவித்தார். ஊரார் என் செய்தனர்? சோற்றுப் பொட்டலங்களை வழிமரக் கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டனர்! மரத்தை எச்சட்டத்தாற் சிறைப்படுத்துவது? அடியார்க்கு அமுதூட்டும் நாட்டிலே அவ்வாணை செல்லுமோ?

ஏப்ரில் 30ஆந் தேதி, சம்பந்தர் பாடல்பெற்ற அகத்தியான்பள்ளியில் உப்பெடுத்த இராஜாஜி சிறை புகுந்தார். தொண்டர் அடியுண்டும் கைப்பிடி உப்பை விட்டிலர்.

யான் வகுப்பிற் பெரிதும் சொல்லுவது வைரப்பன் என்னும் நாவிதர் கதையே. முகமழிக்க வந்தவன் காவற்சேவகனென இடையில் அறிந்ததும் கத்தியை வைத்துவிட்டார். வைதாரல்லர், அக்கத்தியால் ஒரு கீறலுஞ் செய்தாரல்லர். மீதியை மழியேன் என்றார், அவ்வளவே. அதற்காகச் சிறையும் புகுந்தார். அவர்க்கு வேதாரணியத்தில் நினைவுத்தூண் நிற்கின்றது.