விருந்தும் தகுதியும்

பாரசீகப் பெருங்கவிஞர் ஜலாலுத்தீன் ரூமியின் இளமைக் கால அலைச்சலைச் சிறுவர்க்குக் கூறும் படநூல்கள் இந்நாளில் வெளிவருகின்றன. வண்ண ஓவியங்களுக்கு ஏற்ற கதைதான் அது. ஆயினும், அக்கதையின் வழியே எந்த நீதியைக் குழந்தையின் உள்ளத்தில் பதிக்கிறோம் என்பது பெற்றோர் எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

ரூமி 1207ஆம் ஆண்டு பிறந்தவர். இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபால் உள்ள பால்க் நகரோடு தொடர்புடையது அவர் குடும்பம். தந்தை பகாவுத்தீன் வலத் சமயச் சொற்பொழிவாளர். மகனுக்கு ஏறத்தாழப் பத்து வயதானபோது குடும்பம் ஊரை நீங்கியது. மங்கோலியர் பற்றிய அச்சமே காரணம் என்பர் சிலர். ஆள்வோரின் பகைமை என்பர் வேறு சிலர். காரணம் எதுவாயினும், 1220ஆம் ஆண்டையொட்டிச் செங்கிஸ்கானின் படை பால்க்கைப் பாழாக்கியபின், திரும்பிச் செல்ல ஊர் இல்லாது போயிற்று. பாக்தாத், மெக்கா எனப் பல ஊர்களைக் கடந்து அக்குடும்பம் அனத்தோலியாவை அடைந்தது. இன்று கரமான் எனப்படும் ஊரில் தாய் மறைந்தார். பின்னர் செல்ஜுக் சுல்தான் கைகுபாதின் அழைப்பை ஏற்று, கொன்யா நகரில் குடியேறினர். அந்நிலப்பகுதிக்கு அன்று ரூம் என்று பெயர். புகலிடத்தின் பெயரே கவிஞரின் பெயராயிற்று. ஆப்கானிய மக்களோ அவரை இன்றும் பால்கி என்றே அழைக்கின்றனர்.

இக்கதையைச் சொல்லி முடிப்போர், "அன்று அடைக்கலம் தராதிருந்தால் உலகம் ஒரு மகாகவியை இழந்திருக்குமே!" என்பது வழக்கம். கேட்பதற்கு இனிய நீதி. ஆயினும் குறையுள்ள நீதி. பிற்காலத்தில் வரப்போகும் கவிதைக்கு முன்பணமாக இடம் கொடுப்பது வாணிகமேயன்றி அறம் ஆகாது. அதே படையெடுப்புக்கு அஞ்சி ஓடியோர் எண்ணற்றோர். அவர்தம் பிள்ளைகள் காவியம் எழுதவில்லை. அதனால் அவர்கட்கு ஒரு கூரை வேண்டாததாயிற்றா?

மேலும், சுல்தான் வரவேற்றது புகழ்பெற்ற அறிஞரை. அது பாராட்டத்தக்கதே, ஆனால் அரிய செயல் அன்று. பரிந்துரைக்க எவருமின்றி வாயிலில் நிற்பவனிடமே அறம் சோதனைக்கு உள்ளாகிறது.

நம் மொழியில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். விருந்தினர் என்போர் உறவினர் அல்லர். முன்பின் அறியாப் புதியவர். இல்லறத்தானுக்குரிய கடமைகளுள் ஒன்றாக வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார்.

நியமன உத்தரவும் பயணப்படியும் பெற்று வெளிமாநிலம் வந்த நம்மை அகதிகளோடு ஒப்பிடுதல் தகாது. எனினும், மொழி தெரியாத நகரில் வீடு தேடியபோது, "எங்கே உத்தியோகம்?" என்ற கேள்வியை நாமும் எதிர்கொண்டோம். நம்மிடம் விடை இருந்தது, கதவு திறந்தது. விடை இல்லாதவனின் நிலையை அந்த அளவிலேனும் நாம் உணர்தல் கூடும்.

படநூலைப் பார்க்கும் குழந்தை, "அந்த வழியில் வந்த மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?" என்று கேட்குமாயின், பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை என்ற உண்மையைச் சொல்லுங்கள். அவர்கட்கும் இடம் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவ்வாறு கேட்கும் குழந்தை, கவிஞரைப் பற்றி மட்டுமன்றி மனிதரைப் பற்றியும் கற்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.