தேடிப் போக வேண்டியது யார்?

உடற்குறையோ அறிதிறன் குறைபாடோ உள்ள மாணவரைப் பள்ளி ஒதுக்கக் கூடாது என்பதில் ஆஸ்திரேலியச் சட்டத்துக்குத் தயக்கம் எதுவும் இல்லை. 1992-இல் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2005-இல் அதன் கீழ் கல்விக்கான தர விதிகள் வந்தன. 2008-இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைக்கும் அந்த நாடு ஒப்புதல் அளித்தது. மாணவருக்கு வேண்டிய நியாயமான மாற்றங்களைப் பள்ளி செய்து தர வேண்டும். தாங்க முடியாத சுமை என்று நிறுவினால்தான் விலக்கு. சிட்னிக்கு ஒரு விதி, நியூ சவுத் வேல்ஸின் மேற்கே டார்லிங் ஆற்றங்கரையில் இருக்கும் வில்கன்னியாவுக்கு இன்னொரு விதி என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் பேச்சுப் பயிற்சியாளரும் குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் பெரும்பாலும் கடற்கரை நகரங்களில்தான் குடியிருக்கிறார்கள். வில்கன்னியா, பிரூவாரினா, வால்கெட் போல பூர்வகுடி மக்கள் கணிசமாக வாழும் உள்நாட்டு ஊர்களுக்கு அவர்கள் எப்போதாவது வந்து போகிறவர்கள். அவர்கள் வராத நாட்களில் ஊரிலுள்ள குழந்தையின் உரிமை என்ன ஆகிறது என்பது நிர்வாகக் கேள்வியாகத் தோன்றலாம். அடிப்படையில் அது அறம் சார்ந்த கேள்வி. உதவி பெற வேண்டியவர் உதவியைத் தேடிப் போக வேண்டுமா, கொடுக்கக் கடமைப்பட்டவர் தேடி வர வேண்டுமா?

இன்றைய நடைமுறை முதல் வழியையே எதிர்பார்க்கிறது. குடும்பம் குழந்தையை அழைத்துக்கொண்டு சில நூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும், மருத்துவரிடம் காத்திருப்புப் பட்டியலில் நிற்க வேண்டும், படிவங்களை நிரப்ப வேண்டும், வீட்டு நிலைமையை அதிகாரிகளிடம் விவரிக்க வேண்டும். இதில் எதையும் செய்யாத பெற்றோரை அக்கறையில்லாதவர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பெற்றோருக்கு அரசாங்க அலுவலகம் எப்படிப்பட்ட இடமாக இருந்து வந்திருக்கிறது? வெள்ளையர்களின் எதிர்ப்பைக் காரணம் காட்டிப் பூர்வகுடிக் குழந்தைகளைச் சேர்க்காமல் விடும் அதிகாரம் நியூ சவுத் வேல்ஸ் தலைமையாசிரியர்களுக்கு 1972 வரை விதிப் புத்தகத்திலேயே இருந்தது. 1910-க்கும் 1970-க்கும் இடையில் பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள் என்று 1997-இல் வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. அது முடிந்த கதையும் அல்ல. குழந்தைப் பாதுகாப்புத் துறையின் பராமரிப்பில் பூர்வகுடிக் குழந்தைகள் இன்றும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிக விகிதத்தில் இருக்கிறார்கள். "உங்கள் பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கிறது, வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஓர் அதிகாரி கேட்கும்போது பாட்டியொருத்தி வாய் திறக்க மறுத்தால், அவள் தன் அனுபவத்திலிருந்து சரியாகவே கற்றிருக்கிறாள். நம்பிக்கையை உடைத்தவரே, நம்பி வந்தால்தான் உதவி என்று நிபந்தனை போடுவது நியாயமாகாது.

சான்றில்லாமல் பொதுப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பது இதற்கு எழும் முதல் மறுப்பு. கணக்குக் கேட்பது தவறில்லை. ஆனால் சான்று என்றால் மருத்துவரின் கையெழுத்து மட்டுமே என்று யாரும் விதிக்கவில்லை. மாற்றுத்திறன் மாணவர்களைக் கணக்கெடுக்கும் ஆஸ்திரேலியாவின் தேசிய முறையே, முறையான மருத்துவக் கண்டறிதல் இல்லாவிட்டாலும், நியாயமான காரணங்களோடு ஆசிரியர் தம் மதிப்பீட்டின் பேரில் ஒரு மாணவரைச் சேர்க்கலாம் என்கிறது. கடந்த 12 மாதங்களில் குறைந்தது 10 பள்ளி வாரங்களுக்கு உதவி தந்த பதிவு இருக்க வேண்டும். இந்த நல்ல விதியும் உள்நாட்டு ஊர்களில் இடறுகிறது. ஆசிரியர்கள் ஓரிரு ஆண்டில் மாற்றலாகிப் போகிறார்கள்; பதிவை யார் தொடர்வது? குறைபாட்டை ஒழுங்கீனம் என்று எண்ணி இடைநீக்கம் செய்த பிள்ளைக்கு அந்த வாரங்களில் வகுப்பில் தந்த உதவி என்று எதை எழுதுவது? தண்டனை, உதவிக்கான சான்றையே அழித்துவிடுகிறது.

காது விஷயத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். காதில் நாட்பட்ட சீழ் ஒரு சமுதாயத்தில் 4 விழுக்காட்டைத் தாண்டினாலே அது உடனடியாகக் கவனிக்க வேண்டிய பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகள் பலவற்றில் அந்த அளவு வெகுவாகத் தாண்டப்பட்டிருக்கிறது. நெரிசலான வீடுகளும், காலத்தில் கிடைக்காத சிகிச்சையும் அதற்குக் காரணங்கள். காது அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் திறக்கும், மறுபடி அடைக்கும். ஆகவே ஒரே நாளில் செய்யும் சோதனை அதைத் தவறவிடவும் கூடும். ஆசிரியர் சொன்னது கேட்காத பிள்ளை, சொன்னதைச் செய்யாத பிள்ளை என்று பெயர் எடுக்கிறது. இதற்கு ஒரு பரிகாரம், ஆசிரியரின் குரலை ஒலிவாங்கி வழியாக வகுப்பறை முழுதும் சீராகப் பரப்பும் ஒலிபெருக்கி அமைப்பு. அதற்கு எந்தக் குழந்தையின் பெயரும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். காது நன்றாகக் கேட்கும் பிள்ளைக்கும் அதனால் பயனே. இப்படி வகுப்பறையையே முதலில் மாற்றக்கூடிய இடத்திலும் குழந்தையை முதலில் வகைப்படுத்தக் காத்திருப்பது, சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் ஊதாரித்தனம்.

மருத்துவ மதிப்பீடே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாங்ஸியா ஹில் சிறார் தடுப்பு மையத்தில் பரிசோதிக்கப்பட்ட இளைஞர்களில் 36 விழுக்காட்டினருக்குக் கருவிலேயே மதுவால் நேர்ந்த மூளைப் பாதிப்பு இருப்பதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன் யாரும் அதைக் கண்டு சொல்லவில்லை. பள்ளி காணாததைச் சிறை கண்டது. பூர்வகுடிப் பண்பாட்டில் மனிதரைக் குறையால் பிரித்து வகைப்படுத்தும் வழக்கம் இல்லை, ஆகவே அவர்களை அவர்கள் போக்கில் விடுவதே மரியாதை என்று வாதிடுவோர் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். கைவிடுவதை மரியாதை என்று சொல்ல முடியாது. அதே மாநிலத்தின் ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கில் பூர்வகுடிப் பெண் தலைவர்கள் தாங்களே முன்வந்து, தங்கள் குழந்தைகளிடம் இந்தப் பாதிப்பு எவ்வளவு இருக்கிறது என்று ஆராய மருத்துவர்களை அழைத்தார்கள். 2002, 2003-ஆம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் குடும்பங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் பங்கெடுத்தன. அவமானம் தரக்கூடிய கேள்விதான், ஆனாலும் கதவுகள் திறந்தன. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம்.

பொதுப் பள்ளி திணறும்போது சிறப்புப் பள்ளிதானே நல்லது என்ற மறுப்பு இன்னும் கனமானது. மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறையையும் புறக்கணிப்பையும் விசாரித்த ராயல் கமிஷன் 2023-இல் இறுதி அறிக்கை தந்தபோது, இந்த ஒரு கேள்வியில் அதன் ஆறு உறுப்பினர்களும் சரிபாதியாகப் பிரிந்தார்கள். மூவர் சிறப்புப் பள்ளிகளைப் படிப்படியாக மூடச் சொன்னார்கள். பூர்வகுடியைச் சேர்ந்த ஆண்ட்ரியா மேசன் உட்பட மற்ற மூவர் உடன்படவில்லை. ஆகவே எதிர்த்தரப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இருந்தாலும் இந்த விவாதம் பெரும்பாலும் நகரத்துக்கே உரியது. சிறப்புப் பள்ளியே இல்லாத சிற்றூரில் பெற்றோருக்கு இருப்பது, உதவியில்லாத உள்ளூர் வகுப்பு அல்லது வீட்டைவிட்டு வெகுதூரம் அனுப்புதல். குழந்தைகளைப் பறிகொடுத்த சமூகத்திடம் இரண்டாவதைத் தேர்வு என்று நீட்டுவதில் கூச்சம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது தொலைவும் செலவும். தொலைவை ஆஸ்திரேலியா எப்போதுமே இப்படித் தடையாகப் பார்க்கவில்லை. பறக்கும் மருத்துவர் சேவை 1928-இல் தொடங்கியது. அதன் வானொலி வலைப்பின்னலையே பள்ளியாக்கலாம் என்று அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளர் யோசித்தார். 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானலைப் பள்ளி பிறந்தது. பரந்த கால்நடைப் பண்ணைகளில் சிதறிக் கிடந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஆசிரியரின் குரல் பாலைவனம் கடந்தது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவா என்று கணக்குப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது. இன்று செய்ய வேண்டியது அதைவிட எளிது என்றுகூடச் சொல்லலாம். ஆசிரியர்கள் வருவார்கள், போவார்கள். உள்நாட்டு ஊர்ப் பள்ளிகளில் தங்கியிருப்பவர்கள் உள்ளூர்ப் பூர்வகுடிக் கல்விப் பணியாளர்கள். குழந்தையின் பாட்டியை அவர்களுக்குத் தெரியும், பாட்டிக்கும் அவர்களைத் தெரியும். ஆனால் பல இடங்களில் அவர்களுக்குச் சம்பளமும் குறைவு, முடிவெடுக்கும் அதிகாரமும் குறைவு. வந்துபோகும் நிபுணரின் பயணப்படிக்குப் பணம் ஒதுக்கும் துறை, அந்தப் பணியாளருக்குப் பயிற்சியும் நிரந்தரப் பதவியும், ஒரு மாணவரின் பதிவைத் தொடங்கி வைக்கும் அதிகாரமும் தர மறுப்பதற்கு, சுமை என்ற சட்டக் காரணம் பொருந்தாது.