மூக்கின் தீர்ப்பு

ரயில் ஆம்பூரை நெருங்கினால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வது என் வெகுநாளைய வழக்கம். அவ்வூர்த் தோல் ஆலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில் வேலூரிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க சார், பூனை வளர்க்கிறீங்களா?"

தூக்கிவாரிப்போட்டது. எனக்கோ ஒரு நாற்றமும் தெரியவில்லை! பழகிய மூக்கு தன் வீட்டை எப்போதோ மன்னித்துவிடுகிறது.

பினாயில் போட்டுக் கழுவியதாகச் சொன்னேன். அவர் சிரித்தார். காய்ந்த மூத்திரத்திலுள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாதாம். ஈரம் பட்டால் நாற்றம் மறுபடி கிளம்புமாம். பிளீச்சிங் பவுடரை எடுக்கப் போனவனைத் தடுத்தார். மூத்திரத்து அம்மோனியாவோடு அது சேர்ந்தால் விஷவாயு. என்சைம் கலந்த திரவத்தை ஊற்றி ஊறவிட வேண்டுமாம். அவருக்குத் தெரியாதா? ஒரு காலத்தில் நாய் மலத்தில் ஊறவைத்துத்தான் தோலை மென்மையாக்கினார்கள். ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர் 1908-ஆம் ஆண்டுவாக்கில் அதற்குப் பதிலாக என்சைமைக் கொண்டுவந்தார்.

தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்தது மெய். 1996-இல் சுப்ரீம் கோர்ட் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் என் கைக்குட்டை பாலாற்றுக்காகவா எழுந்தது? காலில் தோல் செருப்புடன் அல்லவா ரயிலில் உட்கார்ந்திருந்தேன்!

அன்று அவரை உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தேன். வேலை முடிந்து வரும் அவரை எத்தனை வீடுகள் வாசலோடு நிறுத்தின என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.