வெள்ளைத் துணிக்குள் யார்?

பேய் உண்டா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கண்டுவிட்டவர்கள் நாம். ஆனால், தோழர்களே, விடை கண்டதோடு நம் வேலை முடிந்ததா? பேய் இல்லை; ஆனால் பேயின் பேரால் ஆதாயம் அடைந்தவன் இருந்தான், அடிபட்டவனும் இருந்தான். அவர்களை மறந்துவிட்டு, பேயைக் கண்டு நடுங்கியவனைப் பார்த்து நகைப்பது பகுத்தறிவாகுமா?

அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1820இல் ஒரு கதை வெளியிட்டார். ஏழைப் பள்ளி ஆசிரியன் ஒருவன், செல்வச் சீமானான ஓர் உழவனின் மகளை மணக்க விரும்புகிறான். ஒரு நாள் இரவு, தலையற்ற குதிரை வீரன் அவனைத் துரத்துகிறான். தலையையே தூக்கி எறிகிறான்! மறுநாள் பார்த்தால், வழியில் உடைந்து கிடப்பது ஒரு பூசணிக்காய். ஆசிரியனைக் காணோம். அந்தப் பெண்ணை மணந்தவன் யார்? அவனுக்குப் போட்டியாக நின்ற முரட்டு வாலிபன். பூசணிக்காய்ப் பேச்சு எழும்போதெல்லாம் அவன் வாய்விட்டுச் சிரித்தானாம். பேயாக வந்தவன் யாரென்று இர்விங் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டுமோ!

கதையில் காதலுக்குப் பயன்பட்ட சூது, நாட்டில் கொலைக்குப் பயன்பட்டது. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது, அடிமைத்தளை அறுந்தது. 1870இல் கறுப்பின ஆடவருக்கு வாக்குரிமையும் வந்தது. பொறுப்பார்களா நேற்றைய எசமானர்கள்? கு கிளக்ஸ் கிளான் என்னும் கூட்டம் முகமூடியும் அங்கியும் அணிந்து, நள்ளிரவில் குடிசைக் கதவைத் தட்டிற்று. போரில் மாண்ட வீரர்களின் ஆவிகள் நாங்கள் என்றனர். சைலோ போர்க்களத்தில் மடிந்தது முதல் தாகம் தீரவில்லை என்று கூறி, வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதாக நடித்தனர். அங்கிக்குள் ஒளித்திருந்த பைக்குள் போயிற்று அத்தனை நீரும்!

இதையே பிற்காலத்தில் வேடிக்கைக் கதையாக்கினர். கறுப்பர் பேதைகள், வெள்ளைத் துணியைக் கண்டே வீட்டுக்குள் ஒடுங்கினர் என்றனர். 1915இல் வந்த ‘ஒரு நாட்டின் பிறப்பு’ என்னும் திரைப்படம், துணி போர்த்திய வெள்ளைச் சிறுவர்களைக் கண்டு கறுப்புச் சிறுவர்கள் ஓடுவதைக் காட்டி, கிளான் பிறந்த கதை அதுவே என்றது. குடியரசுத் தலைவர் வில்சனின் மாளிகையிலேயே அந்தப் படம் திரையிடப்பட்டது. அவ்வாண்டே, மங்கியிருந்த கிளானும் மறுபிறவி எடுத்தது.

உண்மை என்ன? 1871இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, தாக்கப்பட்ட கறுப்பின மக்களே சாட்சி சொன்னார்கள். குரலை வைத்து ஆளை அறிந்தோம், குதிரையை வைத்து வீட்டை அறிந்தோம் என்று பெயர் பெயராக அடையாளம் காட்டியோர் பலர். அவர்கள் அஞ்சியது ஆவிக்கா? துப்பாக்கிக்கு, சவுக்குக்கு, தூக்குக் கயிற்றுக்கு! கிளாடிஸ் மேரி ஃப்ரை என்ற ஆய்வாளர் 1975இல் வெளியிட்ட நூல் இன்னொன்றையும் எடுத்துக் காட்டியது: அடிமைகள் இரவில் கூடுவதைத் தடுக்கவே எசமானர்கள் பேய்க் கதைகளைப் பரப்பி வந்தனர்.

ஆகவேதான் கேட்கிறோம்: மூடநம்பிக்கையால் நடுங்கினான் என்று எவனையேனும் நாம் எள்ளும்போது, யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம்? கொலைகாரனுக்கு அந்தச் சிரிப்பே முகமூடி ஆகிவிடவில்லையா?

பேய்க் கதைகளையே கொளுத்திவிடலாம் என்பாரும் உண்டு. நாம் அவ்வாறு கூறோம். டோனி மாரிசன் 1987இல் எழுதிய ‘பிலவ்ட்’ புதினத்தில் ஒரு குழந்தையின் ஆவி வருகிறது; யாரையும் ஏய்க்க வரும் ஆவியன்று அது. அதற்கு வித்திட்டது மெய்யான நிகழ்ச்சி. 1856இல் கெண்டக்கியிலிருந்து தப்பியோடிய மார்கரெட் கார்னர் என்ற தாய், துரத்தி வந்தவர்கள் வளைத்துக்கொண்டபோது, மீண்டும் அடிமையாக வேண்டாமென்று தன் மகளைத் தன் கையாலேயே கொன்றாள். அவளைக் கொலைக்காக விசாரிப்பதா, ஓடிப்போன உடைமையென எசமானனிடம் ஒப்படைப்பதா என்று வழக்காடினார்கள். கொலையென்றால் அவளும் மனிதப் பிறவி என்றாகிவிடுமே! ஒப்படைத்தார்கள்.