பார்த்து வாங்கலாம், கேளாமல் எடுக்கலாமா?

 

கடைக்கு வருபவர் கைலியைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பேரீச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து நாமே ருசி பார்க்கக் கொடுக்கிறோம். இதில் குற்றமில்லை. ஆனால் ஒருவர் நமக்குத் தெரியாமல் கைலியைக் கொண்டுபோய், பெருநாள் தொழுகைக்கும் உடுத்திவிட்டு, "பிடித்தால் பணம் தருவேன்" என்றால் ஒப்புவோமா?

கணினி மென்பொருள் விஷயத்தில் நம்மில் பலர் செய்வது இதுவே. நாமும் செய்தோம். நண்பர் ஒருவர் பென்டிரைவில் தந்த திருட்டுப் பிரதியைக் கடைக் கணக்குக்கு வைத்துக்கொண்டோம். ஒரு மாதம் பார்த்துவிட்டு வாங்குவோம் என்பது நிய்யத்து. மாதம் இரண்டு ஆண்டாயிற்று. சென்ற நோன்பு மாதத்தில் ஜக்காத்துக் கணக்குப் பார்க்க அதன் முன் உட்கார்ந்தபோதுதான் உள்ளம் சுட்டது. நூற்றுக்கு இரண்டரை வீதம் ஏழையின் ஹக்கைக் கணக்கிடுகிறோம்; கணக்கிடும் ஏடே பிறருடைய ஹக்காக இருக்கிறதே!

ஷரீஅத்து பொருளைச் சோதித்துப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. வாங்கியதை வைத்துக்கொள்ளவோ திருப்பித் தரவோ தவணை பேசிக்கொள்வதற்கு, 'கியாருஷ் ஷர்த்து' என்று ஃபிக்ஹு கிதாபுகளில் பாடமே உண்டு. இமாம் ஷாஃபியும் இமாம் அபூஹனீஃபாவும் அதற்கு மூன்று நாளே எல்லை வைத்தார்கள். அதுவும் இருவரும் பேசி ஒப்பிய தவணை. வாங்குபவர் தாமே வைத்துக்கொண்ட தவணையன்று. வியாபாரம் இருவர் பொருத்தத்தோடும் நடக்க வேண்டும் என்பதே சூரத்துன் நிஸாவின் 29ஆம் ஆயத்து நமக்கிடும் கட்டளை.

"கையில் பிடிக்க முடியாத பொருளில் திருட்டு ஏது?" என்பாரும் உண்டு. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு சபை இதைத் தீர்த்து வைத்தது. நூலாக்கம், கண்டுபிடிப்பு முதலியவற்றின் உரிமையும் ஷரீஅத்தின் காவலுக்கு உட்பட்டதே. அதில் அத்துமீறுவது கூடாது என்பது அதன் தீர்மானம்.

வழியில்லாமலும் இல்லை. குறித்த நாட்களுக்கு விற்பவரே இலவசமாகத் தரும் சோதனைப் பிரதிகள் உண்டு. லிப்ரே ஆபிஸ் போல, உரியவரே எல்லாருக்கும் ஆகுமாக்கி விட்டவையும் உண்டு.

நாம் அன்றே திருட்டுப் பிரதியை அழித்தோம். உரியவருக்கு எழுதி, கழிந்த இரண்டாண்டுக்கும் சேர்த்து விலை கட்டினோம். மனிதர் ஹக்கில் செய்த தவறுக்கு, தௌபாவோடு ஹக்கைத் திருப்பிக் கொடுப்பதும் கடமையல்லவா? தராசில் ஒரு மணி குறையாமல் நிறுக்கும் நாம், கணினியிலும் அந்தப் பேணுதலைக் காட்டுவோம்.

வல்ல அல்லாஹ் நம் கல்லாவில் விழும் ஒவ்வொரு காசையும் ஹலாலாக்கி, அதில் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.